அக்காள் சுமந்த ஐம்பது நாள்

கொலோபானே கிராமம்
மே 4, 1989

அன்புள்ள அக்கா சிலிண்டிலே,

உன் தங்கை நொமலங்கா எழுதுகிறேன். அங்கே உனக்கு உடம்பு சுகமென்றால் இங்கே எனக்கும் சுகம். புலவாயோ பட்டணத்தில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே விடியற்காலையில் தண்ணீர்ப் பானையைத் தொட முடியவில்லை.

எனக்கு ஏழாம் மாதம் பிறந்திருக்கிறது. நான்கு வருடம் காத்திருந்து வந்த வயிறு என்பதால் மாமியார் மாகுமாலோ என்னைவிட வயிற்றைத்தான் அதிகம் விசாரிக்கிறார். "வாசப்படியில நிக்காதே, புள்ளையும் வாசல்லயே நின்னுடும். முட்டை தின்னாதே, மொட்டைத் தலையாப் பொறக்கும்." பிறக்கும் முன்னே துணி சேர்க்கக் கூடாது என்றும் கட்டளை. நான் பின்னிய இரண்டு குல்லாக்களைச் சோளக் குதிருக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். எலி தின்னாமல் இருக்கவேண்டும்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அவர் எழுதியிருந்தார். பதினான்கு மாடிக் கட்டட வேலையாம், டிசம்பருக்கு முன் விடமாட்டார்களாம். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். ஜூலைக் கடைசியில் என் பக்கத்தில் நீ இருக்கவேண்டும். போன மூன்று கடிதங்களிலும் கேட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், இதைத் தவிர.

அம்மா இல்லாத வீட்டில் நீதானே எனக்கு அம்மா. வருவாயா?

உன் கையைப் பிடித்துக்கொண்டு,
நொமலங்கா

புலவாயோ
மே 15, 1989

அன்புத் தங்கை நொமலங்காவுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம். வேலை செய்யும் வீட்டிலும் எல்லாரும் நலம். விருந்தாளிகள் வந்திருப்பதால் சமையற்கட்டை விட்டு நகர முடியவில்லை.

பேருந்தில் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் கம்பளி நூல், நான்கு சோப்பு, ஒரு போர்வை. தண்ணீர் அதிகம் தூக்காதே. பூசணித் தழை நிறையச் சாப்பிடு. மாமியாரிடம் எதிர்த்துப் பேசாதே, ஆனால் முட்டையைத் தின்றுவிடு.

மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

அக்கா,
சிலிண்டிலே

மிஷன் ஆஸ்பத்திரி
மே 30, 1989

அக்கா,

நலம் விசாரிக்கும் வரிகளை நீயே போட்டுப் படித்துக்கொள். பிறந்துவிட்டாள். பெண்.

இருபத்தேழாம் தேதி காலை தண்ணீர் எடுத்து வரும்போது வலி வந்தது. இரண்டு மாதம் முன்னாலேயே என்ன வலி என்று நான் வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்புறம் முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கழுதை வண்டியில் படுக்க வைத்து மூன்று மணி நேரம். ஆஸ்பத்திரிப் படியேறியதும் பிறந்தாள். ஆயிரத்து நூற்றைம்பது கிராம். அவள் பாதம் என் கட்டைவிரல் அளவுதான்.

மாகுமாலோ பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "முயல் குட்டி இதைவிடப் பெரிசா இருக்கும். மனசைத் தேத்திக்க தாயி." சிஸ்டர் மலாபா உடனே திரும்பினார். "தேத்திக்கறதுக்கு இப்ப நேரமில்லம்மா. நொமலங்கா, மேல்சட்டையைக் கழட்டு."

சூடு கொடுக்கும் இயந்திரம் எதுவும் இங்கே இல்லை. தாயின் நெஞ்சுதான் இயந்திரம் என்கிறார் சிஸ்டர். குழந்தையை வெற்றுடம்பாக, தலைக்கு மட்டும் குல்லா போட்டு, என் இரண்டு மார்புக்கும் நடுவில் தவளையைப் போல ஒட்டவைத்து, துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். பகலும் இரவும் அப்படியேதான். சாய்ந்துதான் தூங்குகிறேன். இரண்டு மணிக்கொரு தரம் பாலைப் பீய்ச்சி, மூக்கில் விட்டிருக்கும் மெல்லிய குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். இது புதிதாக வந்த முறை. முன்பெல்லாம் இப்படி இல்லையாம்.

அவள் கைகால் குளிர்ந்தால் என் உடம்பு தானாகவே சுடுகிறது, அக்கா. நம்புவாயா?

சீக்கிரம் எழுது. இல்லாவிட்டால் வந்துவிடு.

நொமலங்கா

மிஷன் ஆஸ்பத்திரி
ஜூன் 15, 1989

அக்கா,

நீ சுகந்தானே? பதினாறு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. குழந்தை எப்படி இருக்கிறாள் என்றுகூட நீ கேட்கவில்லை. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

அவள் முதலில் இளைத்தாள். இப்போது ஆயிரத்து நூற்று எழுபது. ஒவ்வொரு கிராமும் எங்களுக்குத் திருவிழா. எனக்குத்தான் ஐந்து நாளாகக் காய்ச்சல். வயிற்றுக்குள் சீழ் கட்டியிருக்கிறதாம். நாளை மறுநாள் வண்டியில் புலவாயோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுக்கவேண்டும் என்கிறார்கள். அவளை அவ்வளவு தூரம் இந்தக் குளிரில் கொண்டுபோக முடியாது.

அவளை யார் நெஞ்சில் வைப்பது? மாகுமாலோ முன்வந்தார், அதையும் சொல்லவேண்டும். அவருக்கு ஓயாத இருமல். சிஸ்டர் கூடாது என்றுவிட்டார். அந்த மனுஷி வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்து அழுதார்.

உனக்கு ஏதோ காரணம் இருக்கிறது. அதை நான் கேட்கவில்லை. வா என்று மட்டும் கேட்கிறேன். இதைப் பேருந்து நடத்துனர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நொமலங்கா

மிஷன் ஆஸ்பத்திரி
ஜூன் 20, 1989

புலவாயோ பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் என் தங்கைக்கு,

இந்தக் கடிதம் வரும்போது நீ கண் விழித்து, கஞ்சி குடித்திருக்கவேண்டும்.

பதினேழாம் தேதி உன் கடிதம் கிடைத்தது. மறுநாள் காலைப் பேருந்தில் ஏறிவிட்டேன். நான் உள்ளே வரும்போது சிஸ்டர் மலாபா உன் மகளைத் தன் சீருடைக்குள்ளேயே கட்டிக்கொண்டு நடந்து நடந்து மற்றவர்களுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஒன்றுமில்லை, பேருந்துக் களைப்பு.

"நீதான் அக்காவா? கையைக் கழுவு. மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவு. அழறதா இருந்தா இப்பவே அழுதுட்டு வா. கட்டினதுக்கப்புறம் குலுங்கக் கூடாது."

கட்டினார். நொமலங்கா, அவளுக்குக் கனமே இல்லை. ஆனால் நான் எழுந்து நிற்க வெகுநேரம் ஆயிற்று.

பாலுக்குக் கவலைப்படாதே. பக்கத்துக் கட்டில் மாண்ட்லோவுக்குப் பால் பொங்குகிறது. தன் மகனுக்குப் போக மிச்சத்தைக் கிண்ணத்தில் பீய்ச்சித் தருகிறாள். "இவ கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து வர்ற மாட்டுல ஒரு மாடு எனக்கு. இப்பவே எழுதி வச்சிரு" என்கிறாள். "மாடு கேக்கறவ இன்னும் அரைக் கிண்ணம் குடு" என்றேன். வார்டே சிரித்தது.

என் வேலையைப் பற்றிக் கேட்காதே. விடுமுறை கொடுத்திருக்கிறார்கள்.

உன் மகளைச் சுமக்கும்,
அக்கா

புலவாயோ
ஜூன் 26, 1989

என் அக்காவுக்கு,

நான் பிழைத்துவிட்டேன். உங்கள் இருவர் சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன்.

வயிற்றை அறுத்துக் கழுவினார்கள். இன்னொரு முறை அறுக்கவேண்டியிருக்கும் என்கிறார்கள். நடந்தால் குனிந்தே நடக்கிறேன். ஆனால் பாலை விடவில்லை, அக்கா. இரண்டு மணிக்கொரு தரம் பீய்ச்சுகிறேன். அனுப்ப வழியில்லை, மருந்தும் கலந்திருக்கிறது. குழாயடியில் கொட்டிவிடுகிறேன். பக்கத்துப் பெண் கேட்டாள்: "கொட்டறதுக்கா இந்தப் பாடு? வத்த விட்டுற வேண்டியதுதானே?" "வத்திட்டா, அவ வரும்போது என்னத்தைக் குடுப்பேன்?" என்றேன். அன்றிலிருந்து அவள்தான் எனக்குக் கிண்ணம் கழுவித் தருகிறாள்.

அவள் எடையை எழுது. ஒவ்வொரு கடிதத்திலும் எழுது. எனக்கு அது ஒன்றுதான் மருந்து.

நொமலங்கா

மிஷன் ஆஸ்பத்திரி
ஜூலை 3, 1989

அன்புத் தங்கைக்கு,

நலம். குளிர் அதிகம். காலையில் புல்லின் மேல் வெள்ளையாக உறைந்திருக்கிறது. மாகுமாலோ வாரம் ஒரு முறை கழுதை வண்டியில் விறகும் புளித்த பாலும் கொண்டுவந்து, சன்னலுக்கு வெளியே நின்று பேத்தியைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

நீ நன்றாகச் சாப்பிடு. புண்ணை நனைக்காதே.

அக்கா

புலவாயோ
ஜூலை 10, 1989

அக்கா,

சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

உன் கடிதத்தை எட்டு முறை படித்தேன். புல்லைப் பற்றி இருக்கிறது, விறகைப் பற்றி இருக்கிறது. எடை இல்லை. அம்மா படுத்திருந்தபோது பள்ளி விடுதிக்கு எனக்கு இப்படித்தான் எழுதினாய். மழை நன்றாகப் பெய்தது என்று எழுதினாய். நான் வீட்டுக்கு வரும்போது புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

இரண்டாவது அறுவை முடிந்தது. எனக்கு இப்போது வயது இருபத்தாறு. எதையும் தாங்குவேன், தெரியாமல் இருப்பதைத் தவிர. இருக்கிறாளா?

நொமலங்கா

மிஷன் ஆஸ்பத்திரி
ஜூலை 15, 1989

நொமலங்கா,

இருக்கிறாள். இருக்கிறாள். இருக்கிறாள். ஆயிரத்து நானூற்று நாற்பது கிராம், இன்று காலை. முதலில் இதை மூன்று தரம் படித்துவிட்டு மீதியைப் படி.

ஜூலை முதல் தேதி சாயங்காலம் அவள் மூச்சை நிறுத்தினாள். நான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என் நெஞ்சில் ஒரு சின்ன அசைவு எப்போதும் இருக்கும், வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருப்பது போல. அது நின்றது. துணியை அவிழ்த்துப் பார்த்தால் உதடு நீலம். "சிஸ்டர்!" என்று நான் கத்தியது கொலோபானேவரை கேட்டிருக்கும். பாதத்தைச் சுண்டினேன், முதுகைத் தேய்த்தேன். சிஸ்டர் ஓடிவந்து ரப்பர்ப் பையை வைத்து ஊதினார். அழுதாள். பூனைக் குட்டி மாதிரி அழுதாள். அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு தரம் அப்படி ஆயிற்று. எடை இறங்கியது. அந்த நாளில்தான் உனக்குப் புல்லைப் பற்றி எழுதினேன்.

எல்லாம் அடங்கிய பின் சிஸ்டர் சொன்னார்: "உன் நெஞ்சுல இருந்ததால உனக்குத் தெரிஞ்சுது. தனியாப் படுத்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது." அதைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் எனக்குப் பிறந்தது செத்துப் பிறந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடமும் அப்படித்தான் எழுதினேன். செத்துப் பிறக்கவில்லை. நான்கு நாள் இருந்தாள். உன் மகளைவிடக் கொஞ்சம் பெரியவள். ஆஸ்பத்திரியில் அட்டைப் பெட்டிக்குள் பஞ்சு போட்டு, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் புட்டி வைத்து, யாரும் தொடவேண்டாம் என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் கண் அயர்ந்து எழுந்தேன். புட்டி ஆறிப்போயிருந்தது. அவளும் ஆறிப்போயிருந்தாள். செத்துப் பிறந்தது என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். அதனால் அப்படிச் சொன்னேன். என் வீட்டுக்காரன்கூட அடுத்த வருடம் என்னை விட்டுப் போகும்போது ஒன்றும் கேட்கவில்லை.

பிரசவத்துக்கு வா என்று நீ கேட்டபோதெல்லாம் அதனால்தான் பதில் எழுதவில்லை. அவள் பிறந்துவிட்டாள் என்ற கடிதம் வந்ததும் எவ்வளவு சின்னவள் என்று தெரிந்தது. அப்புறம் என்னால் பேனாவைத் தொட முடியவில்லை. வந்து இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை. இதுதான் காரணம்.

இப்போது சொல்கிறேன், கேள். மூச்சு நின்ற அன்றிலிருந்து நான் அவளோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். ஐந்தாம் தேதியிலிருந்து எடை ஏறத் தொடங்கியது. இருபது, இருபத்தைந்து, ஒரு நாள் நாற்பது! நாற்பது ஏறிய அன்று மாண்ட்லோவு குலவை போட்டாள். சிஸ்டர் "இது ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா?" என்று அதட்டிவிட்டு அட்டையைத் தானும் இரண்டாம் தரம் பார்த்தார்.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். கிண்ணத்தில் நக்கிக் குடிக்கிறாள். உன் மூக்கு. கோபமும் உன்னுடையதுதான்.

நீ நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொள். குனிந்தபடி வந்தால் குழந்தையைத் தரமாட்டேன்.

சிலிண்டிலே

கொலோபானே
ஆகஸ்ட் 16, 1989

என் அன்புக் கணவர் தாண்டஸானி அவர்களுக்கு,

நீங்கள் உயரமான இடத்தில் வேலை செய்கிறவர், முதலில் உங்கள் சுகம் தெரியவேண்டும். நாங்கள் சுகம். 'நாங்கள்' என்று எழுத இத்தனை நாள் ஆயிற்று. உங்கள் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி என்னை விட்டார்கள். அக்காவின் துணிமணியை எடுத்துப் போகலாமென்று அவள் வேலை செய்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் வேறொரு பெண். அக்காவின் ஏப்ரனைக் கட்டியிருந்தாள். "சிலிண்டிலேயா? அவதான் ஜூன் மாசமே போயிட்டாளே. போனா வேலை கிடையாதுன்னு வீட்டம்மா சொன்னாங்களாம். சரின்னு அப்பவே பையை எடுத்தாளாம்." பத்து வருட வேலை. என்னிடம் விடுமுறை என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். ஐம்பது நாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா? அக்காவிடமிருந்து எப்படிக் கேட்டு வாங்குவேன்? மிஷன் வாசலில் இறங்கியதும் நிமிர்ந்து நடந்தேன். புண் இழுத்தது. நிமிர்ந்தே நடந்தேன்.

வார்டில் அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்று, நான்கு புதுத் தாய்மார்களுக்குத் துணி கட்டக் காட்டிக்கொண்டிருந்தாள். "இறுக்கிக் கட்டு. காது உன் நெஞ்சுல இருக்கணும். உன் நெஞ்சு அடிக்கறதைக் கேட்டாத்தான் தானும் அடிக்கணும்னு அதுக்கு ஞாபகம் வரும்." நான் "அக்கா" என்றேன். திரும்பினாள். நின்றபடியே முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு ஒரே இழுப்பில் வந்தது.

"கையைக் கழுவு" என்றாள். அவ்வளவுதான்.

குழந்தையை என் மார்பில் வைத்தாள். அவள் அழுதாள், முகத்தைத் திருப்பினாள், மறுபடியும் அக்கா பக்கம் திரும்பினாள். எனக்கு நெஞ்சு உடைந்துவிட்டது. அக்கா என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னாலிருந்து குழந்தையிடம் பேசினாள்: "அடி, இவதாண்டி உன் ஆத்தா. நான் வாடகை வீடு. இது உன் சொந்த வீடு. குடிச்சுப் பாரு." அந்தக் குரலைக் கேட்டதும் அழுகை நின்றது. வாயைத் திறந்து தேடினாள். பிடித்தாள். ஒரு மிடறு, நிறுத்தம், இன்னொரு மிடறு. அப்புறம் நிறுத்தவே இல்லை. குழாயடியில் நான் கொட்டிய அத்தனை பாலும் எனக்கு அப்போது கணக்குத் தீர்ந்துவிட்டது.

மாண்ட்லோவு முதலில் குலவையிட்டாள். அப்புறம் வார்டு முழுவதும். இந்த முறை சிஸ்டர் அதட்டவில்லை. அவரும் சேர்ந்துகொண்டார்.

பதினான்காம் தேதி தராசில் வைத்தார்கள். இரண்டாயிரத்து நாற்பது கிராம். "வீட்டுக்குப் போ" என்றார் சிஸ்டர். ஊர் நெருங்கியதும் இனிக் கழுதை வண்டியில் உட்காரமாட்டேன் என்றேன். கடைசி ஒரு மைல் நடந்தேன், உங்கள் மகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, எல்லார் வீட்டு வாசல் வழியாகவும். உங்கள் அம்மா வாயில் துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் ஆடிக்கொண்டே போனார். ஆட்டத்துக்கு நடுவில் இருமல். இருமலுக்கு நடுவில் "எங்க வீட்டுச் சிங்கக் குட்டியைப் பாருங்கடி! முயல் குட்டின்னு யாரு சொன்னது?" என்று கூச்சல். யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை.

அக்கா எங்களோடு வரவில்லை. அவள் விஷயத்தை அவளே எழுதுவாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

உங்கள் மனைவி,
நொமலங்கா

ஜோகன்னஸ்பர்க்
ஆகஸ்ட் 31, 1989

மதிப்பிற்குரிய சிலிண்டிலே அக்காவுக்கு,

தங்கை கணவர் தாண்டஸானி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் சுகத்தைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நான் ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டை தூக்குபவன். இரண்டு கிலோ எவ்வளவு கனம் என்று எனக்குப் பிடிபடவில்லை. கடையில் இரண்டு கிலோ சோளமாவு வாங்கி, சட்டைக்குள் வைத்து நடந்து பார்த்தேன். கூட இருப்பவர்கள் "என்னடா, எத்தனை மாசம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நொமலங்காவின் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மேஸ்திரி வாங்கி மீதியைப் படித்தார். அவர் முடிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் பதினொரு ஆண்பிள்ளைகள் பதினான்காம் மாடியில் நின்று, பெண்கள் மாதிரி குலவையிட்டோம். கீழே தெருவில் போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள்.

எங்கள் வழக்கப்படி பெயர் வைக்கும் உரிமை என் வீட்டுக்கு. அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். "சுமந்தவ வைக்கட்டும். ஆனா நாக்குக்கு நல்லா வர்ற பேரா வைக்கச் சொல்லு" என்று பதில் வந்தது. ஆகவே கேட்டுக்கொள்கிறேன். என் மகளுக்கு நீங்கள்தான் பெயர் வைக்கவேண்டும்.

தாண்டஸானி

மிஷன் ஆஸ்பத்திரி
செப்டம்பர் 12, 1989

என் நொமலங்காவுக்கு,

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. உனக்கும் குழந்தைக்கும் மாகுமாலோவுக்கும் சுகமென்று நம்புகிறேன். எனக்குச் சுகம். இதை நான் இப்போது மழுப்பி எழுதவில்லை.

சிஸ்டர் மலாபா எனக்கு வேலை வாங்கித் தந்துவிட்டார். சீருடை கிடையாது, பச்சை ஏப்ரன்தான். அவசரமாய்ப் பிறந்த குழந்தைகளின் தாய்மார்களோடு இருப்பதுதான் வேலை. இப்போது ஆறு பேர் நெஞ்சில் கட்டியிருக்கிறார்கள். ஒருத்தி, பத்தொன்பது வயதுக்காரி, நேற்று "உனக்கு எத்தனை பிள்ளை அக்கா?" என்று கேட்டாள். வழக்கமாக இல்லை என்பேன். "ஒரு பெண். நாலு நாள் இருந்தா. பேரு லிண்டியே" என்று சொன்னேன். பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் அவள் மகனுக்குக் கிண்ணத்தில் பால் கொடுத்தோம்.

உன் வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. ஒரு வாரம் யோசித்தேன். முதலில் 'ன்கோபிலே' என்று தோன்றியது. வென்றாள். ஆனால் அவள் ஒருத்தியா வென்றாள்? நீ குழாயடியில் வென்றாய். மாண்ட்லோவு கிண்ணத்தால் வென்றாள். சிஸ்டர் ரப்பர்ப் பையால், மாகுமாலோ சன்னலுக்கு வெளியே நின்று. நானும் வென்றேன், நொமலங்கா.

அதனால் அவள் பெயர் சின்கோபிலே. நாம் வென்றோம்.

மாகுமாலோவைச் சொல்லிப் பார்க்கச் சொல், நாக்குக்கு நன்றாகவே வரும். ஆனால் குழந்தையை அந்தப் பெயரால் இப்போது யாரும் கூப்பிடக்கூடாது. சனிக்கிழமைப் பேருந்தில் வருகிறேன். முதலில் நான் கூப்பிடவேண்டும்.

சிலிண்டிலே